எடுக்கக் கூடாத கை

திங்கட்கிழமை நாலு மணிக்கு, தேவகி பையைத் திறப்பதற்கு முன்பே, அப்பாதுரையின் இடது பாதத்தில் எண்ணெய் பளபளத்தது.

முதலில் வேர்வை என்றுதான் நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி இரண்டில் ஓடியது, அறைக்குள் டெட்டால் வாசனையும் மத்தியானச் சாம்பார் வாசனையும் கலந்து நின்றன. குனிந்து தன் மணிக்கட்டை அவர் குதிகாலில் வைத்துப் பார்த்தாள். விரல் நுனிகளை நம்புவதை அவள் விட்டு எட்டு மாதமாகிறது. வெதுவெதுப்பாக இருந்தது. தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு லாவெண்டர் விட்ட வாசனை. அது அவள் தன் வீட்டில் தானே கலந்து எடுத்துவருவது. அந்தப் பாட்டில் இன்னும் பைக்குள் மூடி திறக்காமல் இருந்தது.

"ப்ரியாம்மா, ஐயா காலுக்கு எண்ணெ தடவுனீங்களா?" என்று மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இல்லக்கா," என்றது மேலிருந்து ஜெயப்ரியாவின் குரல். "சோறு ஊட்டி படுக்க வச்சதோட சரி. மீட்டிங்ல இருக்கேன்கா."

அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. அப்பாதுரை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமல் ஊர்க்காரர். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் இந்த வீட்டை வாங்கினார். மனைவி போய்ப் பத்து வருஷம். மறதி நோய் வந்து ஆறு வருஷம். ஒரே மகள் ஜெயப்ரியா சென்னைக் கம்பெனி வேலையை மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அப்பாவையும் பார்த்துக்கொள்கிறாள். பொழுது சாயும் நேரத்தில் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். எங்கேயோ கரண்ட் போய்விட்டது, தான் போயாக வேண்டும் என்று கதவைப் பிடித்து உலுக்குவார். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உடம்பை நீவிவிட்டால் அடங்குகிறது என்று டாக்டர் சொல்லித்தான் தேவகி வர ஆரம்பித்தாள். திங்கள் முதல் சனி வரை, நாலு மணியிலிருந்து ஐந்து.

எப்போதும் ஒரே வரிசைதான். இடது பாதம், வலது பாதம், இடது கை, வலது கை, தோள், கடைசியில் தலை. தொடுவதற்கு முன்னால் எதைத் தொடப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். தொட்டபின் ஒரு கை எப்போதும் உடம்பின்மேல் இருக்க வேண்டும். எண்ணெய் எடுப்பதானாலும் துண்டு எடுப்பதானாலும் ஒரு கையால்தான். அவளுக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "நீ கையை எடுத்துட்டு மறுபடி வச்சா, அவங்களுக்கு நீ புது ஆளுமா. முன்னாடி இருந்தவ போயிட்டா" என்பார்.

தலையை முடித்ததும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பத்து மூச்சு எண்ணுவாள். "ஐயா, கையை எடுக்கப் போறேன்" என்பாள். அப்போதுதான் அது நடக்கும். அப்பாதுரை கண்ணைத் திறந்து, நேராக மகளைப் பார்த்து, "பாப்பு, சாப்ட்டியா?" என்று கேட்பார். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வரும் ஒரே புரிகிற பேச்சு அதுதான். ஐந்து மணிக்கு ஜெயப்ரியா எந்த மீட்டிங்காக இருந்தாலும் விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவாள். "சாப்ட்டேன்பா" என்பாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி தொலைந்துபோவார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பெண் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் தாங்குகிறாள் என்பது தேவகிக்குத் தெரியும்.

திங்கட்கிழமையும் அவர் கேட்டார். ஆனால் இடது பாதம் மட்டும் கடைசிவரை தேவகி கைக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளங்காலை அழுத்தினால் விரல்கள் சுருங்கும், அது பழக்கம். அன்று சுருங்கவில்லை. ஏற்கெனவே நீவி முடித்த பாதம்போல் அது தளர்ந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பாதமும் எண்ணெயாக இருந்தன.

"காலையிலிருந்து நடக்க மாட்டேங்கிறாருக்கா," என்றாள் ஜெயப்ரியா. "வலின்னு இல்ல. எழுந்து நிக்கிறாரு, அடுத்து இன்னா பண்ணணும்னு தெரியாம நிக்கிறாரு. கால் இருக்குதுன்றதே மறந்துட்ட மாதிரி. டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். இப்டித்தான் ஒண்ணொண்ணா போவும்ன்றாரு."

தேவகி எண்ணெயைப் பற்றி மறுபடி கேட்டாள். வேர்வையாக இருக்கும் என்றாள் ஜெயப்ரியா. பயப்பட வேண்டிய இடம் இது என்று தேவகிக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

அவளுக்கு எதுவுமே வருவதில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வேறொரு வீட்டில் ஒரு அம்மாளின் தோளை நீவிக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது. ஒன்பது முறை அடித்தது. ஒரு கையால் எடுத்திருக்கலாம். ஆனால் குரல் மாறினால் அந்த அம்மாள் மிரண்டுவிடுவார் என்று விட்டுவிட்டாள். அவள் புருஷன் மயில்வாகனம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்து அடித்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு அவள் போனபோது அவன் கை குளிர்ந்திருந்தது. அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஓரகத்தி காதுபடவே சொன்னாள். அப்புறம் பத்து மாதம் கழித்து விரல் நுனிகளும் மரத்துப்போயின. நரம்பு பலவீனம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கையை வைத்துப் பிழைப்பவள் கையில் உணர்ச்சி இல்லை என்று எந்த வீட்டில் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. மனசும் கையும் ஒன்றாகவே மரத்துவிட்டதில் ஒருவகையில் நிம்மதிகூட இருந்தது. போன உணர்ச்சி எங்கே போயிருக்கும் என்று அவள் யோசித்ததில்லை.

புதன்கிழமை இடது கை.

மின்கம்பம் ஏறிய கை அது. உள்ளங்கையை விரித்தால் போதும், சட்டென்று அவள் கையைப் பற்றிக்கொள்ளும். விடுவிக்கப் படாத பாடு பட வேண்டும். அன்று அது ஈரத்துணி மாதிரி மடங்கிக் கிடந்தது. மணிக்கட்டு வரை எண்ணெய். விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்.

"அந்தக் கேமராவைக் கொஞ்சம் காட்டுங்கம்மா," என்றாள்.

அப்பா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்று கட்டிலுக்கு எதிரே ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தாள் ஜெயப்ரியா. போனை எடுத்து மத்தியானத்திலிருந்து ஓட்டிக் காட்டினாள். யாரும் வரவில்லை. கதவு திறக்கவில்லை. மூன்றரைக்குப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது, அவர்கள் டீ குடிக்கும் நேரம். திரையில் அப்பாதுரை மல்லாந்து தூங்கினார்.

"பாருங்க, தனியாத்தான் தூங்குறாரு."

"கையப் பாருங்க."

சின்னத் திரை. இடது கையின் கட்டைவிரல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். மோதிர விரல் மறுபடியும். பிறகு சுண்டுவிரல்.

"நரம்பு இழுக்குதுக்கா. இந்த வியாதியில இதெல்லாம் சகஜம்."

தேவகி தலையாட்டினாள். நாலாவது விரலை இரண்டு முறை மடக்குவது சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததில்லை. அது அவளுடைய கெட்ட பழக்கம். அதற்காகப் பயிற்சியில் திட்டு வாங்கியிருக்கிறாள். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அன்று ஐந்து மணிக்கும் அவர் கேட்டார். கொஞ்சம் தாமதமாக, ஆழத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவதுபோல. ஜெயப்ரியா சாப்ட்டேன்பா என்றபோது அவள் குரல் உடைந்தது. படி ஏறப் போனவள் திரும்பி நின்று, "இதுவும் போயிட்டா நான் இவருக்கு யாருக்கா?" என்று கேட்டாள். பிறகு ஏறிப்போனாள்.

பிள்ளையார்பாளையத்தில் இருந்த தன் வீட்டுக்கு நடந்து திரும்பும்போது தேவகி அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு போனாள். ஆட்டோக்கள் ஒலி எழுப்பின, பட்டுக் கடை வாசல்களில் ஆள்கள் வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்குள் எங்கேயோ லேசாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது விடக் கூடாது என்று தோன்றியது. ஒருவரைக் கைவிட்டு ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். பிடித்துக்கொண்டதாவது மிஞ்ச வேண்டாமா?

வியாழக்கிழமை இரண்டு மணிக்கே போய்விட்டாள். வேறு வீட்டு வேலை ரத்தாகிவிட்டது என்று ஜெயப்ரியாவிடம் ஒரு பொய் சொன்னாள்.

"ஐயா, தேவகி வந்திருக்கேன். வலது கையைப் பிடிச்சிக்கப் போறேன்."

பிடித்துக்கொண்டாள். வறண்ட, சொரசொரப்பான, உயிருள்ள கை. அது அவள் கையை உடனே பற்றிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு கைக்குள்ளும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் இடுக்கில் வந்த வெயில் தரையில் ஒரு கோடாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டில் காலை நோக்கி நகர்ந்தது. பக்கத்து வீட்டுத் தறி ஓடியது. மாடியில் ஜெயப்ரியா இங்கிலீஷில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்து டப்பாவின்மேல் ஒரு ஈ நடந்தது. தூக்கம் வந்தது. தேவகி தூங்கவில்லை.

மூன்றரைக்குத் தறி நின்றது.

லாவெண்டர் வாசனை வந்தது.

அவள் பார்த்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே, கட்டைவிரல் அடியில் இருந்த சதை குழிந்தது. குழி சுற்றியது. இடமிருந்து வலமாக, மெதுவாக, அக்கறையாக. தோல் ஈரமானது. பளபளத்தது. அவள் கைக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. கையை இன்னும் இறுக்கினாள். குழி அவள் பிடியைப் பொருட்படுத்தவில்லை. கட்டைவிரல் மடங்கியது. அடுத்தது. அடுத்தது. மோதிர விரல். மோதிர விரல். சுண்டுவிரல்.

அப்பாதுரையின் பிடி தளர்ந்தது.

அவள் விடவில்லை. விடாமல் இருந்தும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே போனாள். தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதே நேரம். அதே வாசனை. அவள் மார்புக்கும் அவர் முதுகுக்கும் நடுவே அது தன் வேலையை முடித்துக்கொண்டது. அப்புறம் அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தலையணைகளை அண்டக் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு வெகு நேரம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பு," என்றார். அவ்வளவுதான். சாப்ட்டியா வரவில்லை.

"சாப்ட்டேன்பா," என்றாள் ஜெயப்ரியா, கேட்காத கேள்விக்கு.

சனிக்கிழமைக்கு மிச்சம் இருந்தது தலை மட்டும்தான்.

அன்று ஜெயப்ரியாவுக்கு விடுமுறை. தேவகி ஒன்பது மணிக்கே வந்ததைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லாமல் இருந்தாள். "நான் கொஞ்சம் படுக்குறேன்கா. ராத்திரி பூரா முழிச்சிக்கினு இருந்தேன். அஞ்சு மணிக்கு வந்துடுறேன்," என்றாள்.

"போய்ப் படுங்கம்மா. நான் கையை எடுக்க மாட்டேன்," என்றாள் தேவகி.

கட்டில் தலைமாட்டை ஒட்டி நாற்காலியைப் போட்டாள். எண்ணெயைச் சூடாக்கி இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டாள். மற்ற நாள்களில் அது வருவதற்கு இடம் காலியாக இருந்தது, தான் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இன்றைக்குத் தன் வேலையைத் தானே முதலில் செய்துவிடுவது. முடிக்காமல் செய்துகொண்டே இருப்பது. ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து உட்கார்ந்த பிறகுதான் கையை எடுப்பது.

"ஐயா, தேவகி. தலையைத் தொடறேன்."

பஞ்சு மாதிரி வெள்ளை முடி. நெற்றியிலிருந்து உச்சிக்கு. உச்சியிலிருந்து பிடரிக்கு. பத்து மணி. பதினொன்று. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பன்னிரண்டு. தோள்பட்டை வலித்தது, அப்புறம் எரிந்தது. நல்லதுதான், வலியாவது தெரிகிறதே என்று நினைத்தாள். ஒன்று. தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு. வலி மெல்லக் குறைந்தது. முழங்கை வரை ஒரு இதமான கனம் இறங்கியது. வெயில் கோடு தரையில் நகர்ந்தது. தறி ஓடியது.

மூன்றரை. தறி நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். மூடிய இமைகள். ஒட்டிய கன்னம். ஒன்றும் நடக்கவில்லை. லாவெண்டர் வாசனை அறை முழுக்க இருந்தது, ஆனால் அது அவள் கையில் இருந்த எண்ணெய்தான். மூன்றே முக்கால். நாலு. தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒன்றரை வருஷமாக வராத அழுகை தேவகிக்குத் தொண்டைவரை வந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நீவிக்கொண்டே இருந்தாள். நெற்றியிலிருந்து உச்சிக்கு. உச்சியிலிருந்து பிடரிக்கு. கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. வெயில் கோடு மறைந்தது.

ஐந்து மணிக்குப் படியில் காலடிச் சத்தம். ஜெயப்ரியா முகம் கழுவி, தலை வாரி, விசேஷத்துக்கு வருபவள்போல வந்து கதவருகே நின்றாள். நின்றவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா. இன்னும் ஆரம்பிக்கலயா?"

"காலையிலிருந்து வச்ச கைய எடுக்கலம்மா."

"சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்களே."

தேவகி குனிந்து பார்த்தாள்.

இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. உள்ளங்கை மேல்நோக்கி. விரல்கள் லேசாக மடங்கி. புடவையில் எண்ணெய் இறங்கிப் பெரிய கறையாகி, கறையின் ஓரம் காய்ந்தும் போயிருந்தது. எப்போது விழுந்தன? இரண்டு மணிக்கா? வலி குறைந்ததே, அப்போதா?

நிமிர்ந்தாள்.

அப்பாதுரையின் முடி நெற்றியிலிருந்து உச்சிக்குப் படிந்துகொண்டிருந்தது. எட்டுக் கோடுகளாக. மெதுவாக. உச்சியிலிருந்து பிடரிக்கு. பிறகு அது நின்றது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் தோல் உள்ளே அமுங்கியது. அவர் மூச்சு ஏறி இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஜெயப்ரியாவிடம் அதைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று தேவகி நினைத்தாள்.

ஜெயப்ரியா ஓடி வந்து கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் கண் அப்பாவின் கண்ணில் மட்டும்தான் இருந்தது. "அப்பா, பாப்பு வந்திருக்கேன். பாருப்பா."

எட்டு. ஒன்பது. பத்து.

தோல் பழையபடி எழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மகளுக்குப் பின்னால் இருந்த பீரோவைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரி பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றது.

"அப்பா?"

அவள் காத்திருந்தாள். மேளச் சத்தம் நின்றது. அவள் இன்னும் காத்திருந்தாள். பிறகு தேவகியின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அக்கா, இன்னொரு வாட்டி வைங்கக்கா கைய. ஒரே ஒரு வாட்டி."

தேவகி வைக்கப் பார்த்தாள். தோளிலிருந்து முழு பலத்தோடு தூக்கிப் பார்த்தாள். அவள் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. ஜெயப்ரியா அவளையே பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தலையணையில், அப்பாதுரையின் நெற்றிப்பொட்டுகள் இரண்டும் மறுபடி மெல்லக் குழிந்தன.